ஊருக்கு ஒரு ஃபைல்

அந்த விவசாயியின் விரல்களை எடுத்தது நீங்கள்தான், முதலாளி. என் கூட்டாளி இல்லை.

பல வருடத்துக்கு முன்னால், டீலர்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொன்னீர்கள். "அந்தப் பையனோட தப்பு, ஆளை வீட்டுக்கு அனுப்பியாச்சு" என்றீர்கள். கை தட்டினார்களாம். நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை உங்களை முடிக்க விட்டிருக்க மாட்டேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலில் இருந்து வருகிறேன்.

மதுரையில் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் எங்கள் ஷெட். ஒரு பக்கம் பிளாஸ்டிக் குடம் வார்க்கிறவர்கள், இன்னொரு பக்கம் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவர்கள். நடுவில் நாங்கள் ஸ்டார்ட்டர் பெட்டி செய்தோம். கிணற்று மோட்டாரை ஓட்டுகிற, நிறுத்துகிற பெட்டி. ஓட்டப் பச்சைப் பட்டன், நிறுத்தச் சிவப்புப் பட்டன், மேலே சின்னத் திரை. உள்ளே ஒரு போர்டு, போர்டில் ஒரு சிப். தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமே சுற்றினாலும், எதிலாவது சிக்கித் திணறினாலும், அது இழுக்கிற கரண்ட்டை அளந்து பார்த்து அந்த சிப்தான் நிறுத்தும். சிப்புக்குள் போகிற புரோகிராமை சி மொழியில் என் கூட்டாளி எழுதினான். நான் போர்டை டெஸ்ட் செய்து பெட்டியில் மாட்டுகிறவன். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த மேஜை.

அவன் மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். நெசவுக் குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். நான் வாடிப்பட்டிப் பக்கம். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை பார்த்து, பின்னால் சொந்தமாகத் துண்டு நிலம் வாங்கியவர். என்னை விட அவனுக்குப் படிப்பு அதிகம், அவனை விட எனக்கு வாய் அதிகம். ஒருத்தனை ஒருத்தன் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். அவன் அம்மாவோடு போனில் அந்த மொழியில் பேசும்போது நடுவில் என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

"என்னடா, என்னையத்தான திட்டுற?"

"எங்கம்மா உன்னைய ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லுது. அவன் வந்தா அண்டாவுலதான் பொங்கணும்னு சொல்றேன்."

இப்படித்தான் இருந்தோம்.

மோட்டார் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஓடாது. டிரான்ஸ்பார்மருக்குத் தள்ளி, லைன் கடைசியில் இருக்கிற கிணற்றுக்கு வோல்டேஜ் குறைவாக வரும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். அதனால் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்த வேண்டும், எந்த அளவுக்குக் கீழே போனால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், கரண்ட் வந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்து ஓட்ட வேண்டும் என்கிற எண்கள் ஊருக்கு ஊர் மாறும். இதற்கு நம் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஊருக்கு எழுதின ஃபைலை முழுசாகக் காப்பி எடுப்பது. அதற்கு அடுத்த ஊரின் பெயரை வைப்பது. உள்ளே போய் எண்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடி மாற்றுவது. பிறகு சிப்புக்குப் புரிகிற வடிவத்துக்குக் கம்பைல் செய்து சிப்பில் ஏற்றுவது. வாடிப்பட்டிக்கு ஒரு ஃபைல், கல்லுப்பட்டிக்கு ஒரு ஃபைல். டீலர் இருக்கிற ஊருக்கெல்லாம் ஒரு ஃபைல்.

"மாட்டுத்தாவணியில நிக்கிற மாதிரி இருக்கு மாப்ள" என்பான் அவன், கம்ப்யூட்டரில் அந்த வரிசையைப் பார்த்து. "எந்த பஸ்சு எங்க போகுதுன்னு டிரைவருக்கே தெரியலை."

இந்த வழக்கத்தை ஆரம்பித்தது நீங்கள். முதல் புரோகிராமை எழுதினதும் நீங்கள்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு ஊருக்கு மட்டும் விற்ற காலத்தில், வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தனி ஆளாக எழுதினீர்கள். அது ஓடியது. அதில்தான் இந்தக் கம்பெனியே எழுந்தது. ஆனால் ஊர்கள் பெருகின பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் புரோகிராமில் ஒருவன் கை வைத்தால் உங்கள் கன்னத்தில் கை வைத்த மாதிரி முகம் மாறும்.

ஒருமுறை வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கோளாறு வந்தது. கரண்ட் விட்டு விட்டு வந்தால் பெட்டிக்குள் டக் டக் என்று அடித்துக்கொண்டு மோட்டார் நின்று நின்று ஓடியது. அவன் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தினான். திருத்தம் ஒன்றுதான். ஆனால் அதை ஒவ்வொரு ஊர் ஃபைலையும் திறந்து தனித்தனியாக ஒட்ட வேண்டி இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் அந்த வரி ஒவ்வொரு இடத்தில் இருந்தது. ஏனென்றால் நடுவில் நீங்களும் அங்கங்கே எதையாவது செருகியிருந்தீர்கள்.

"எலெக்‌ஷன்ல நிக்கிற ஆளு மாதிரி ஊர் ஊராப் போயி கும்பிட்டுட்டு வாரேன் மாப்ள. ஓட்டுத்தான் விழ மாட்டேங்குது."

அன்று சாயங்காலம் எதிரே பரோட்டாக் கடைக்குப் போனோம். விலை ஏறியிருந்தது. கடைக்காரர் விலைப் போர்டில் பழைய விலையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் புது விலையை எழுதியிருந்தார். என் கூட்டாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, வெலை ஏறுச்சே, அண்ணே எதை மாத்துனாரு?"

"போர்டை."

"மாஸ்டரை மாத்துனாரா?"

"மாஸ்டரை மாத்துனா நீயும் நானும் ஏன் இங்க வர்றோம்?"

"அம்புட்டுத்தான் விசயம். நம்ம கம்பெனில வெலை மாறுனா ஊருக்கு ஒரு மாஸ்டரைப் புதுசா நிப்பாட்டுறோம். வாடிப்பட்டி மாஸ்டருக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லிக் குடுத்தா கல்லுப்பட்டி மாஸ்டருக்குத் தெரியாது. போர்டு தனியா, மாஸ்டர் தனியா இருக்கணும்டா."

கல்லில் பரோட்டா கொத்திக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார். "என்னைய எதுக்கு ரெண்டு பேரும் இழுக்குறீக? தின்னுட்டு எந்திரிங்க, ஆளு நிக்குது."

மழைக்காலத்தில் எங்களுக்கு ஆர்டர் வராது. கிணறு நிரம்பிக் கிடக்கும்போது ஸ்டார்ட்டரை யார் கேட்பார்கள்? அந்த மந்தமான மாதங்களில் அவன் எல்லாவற்றையும் பிரித்தான். வேலை செய்கிற வரிகள் எல்லாம் ஒரே ஃபைலில். எண்கள் தனி ஃபைலில், ஊருக்கு ஒன்று. அந்த ஊர் ஃபைலைத் திறந்தால் ஒரு பட்டியல் இருக்கும், வேறு ஒன்றுமே இருக்காது. ஒரு நிபந்தனை கூட இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஹெடர் ஃபைல். பட்டியலின் பெயர் என்ன, அதில் எது எதற்கு அடுத்து வரும் என்ற தகவல் மட்டும் அதில். எண்களையே ஹெடரில் எழுதிவிட்டால் ஒரு ஃபைல் மிச்சமாகுமே என்று நான் கேட்டேன்.

"ஹெடரை எத்தனை ஃபைலு கூப்பிடுதோ அத்தனை காப்பி உண்டாகிரும் மாப்ள. இல்லைன்னா கம்பைல் ஆகாம சண்டைக்கு வரும். பொருள் ஒரு எடத்துல இருக்கணும். எங்க இருக்குன்னு மத்தவனுக்குத் தகவல் தெரிஞ்சாப் போதும்."

இன்னொன்றும் செய்தான். பெட்டியை ஆன் செய்ததும் திரையில் கம்பெனி பெயருக்குக் கீழே ஒரு எண் வரும். எந்தத் திருத்தம் வரைக்கும் உள்ளே இருக்கிறது என்பதற்கு அந்த எண். பழைய புரோகிராமில் கம்பெனி பெயர் மட்டும்தான் வரும். எல்லாம் முடிந்ததும் பழைய ஊர் ஃபைல்களை ஒன்று விடாமல் அழித்தான். யாராவது தவறி அதை எடுத்துவிடக் கூடாது என்று.

உங்களிடம் காட்டினபோது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "ஓடுறதை எதுக்குப்பா நோண்டுற? உங்க ஆளுக நூலைப் பிரிக்கிற மாதிரி ஃபைலைப் பிரிச்சுப் போட்டுருக்க." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அவனும் சிரித்தான். அன்று மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனான்.

இனி அந்தச் சிவப்புப் பட்டன். எங்கள் பக்கம் மோட்டாரில் கை வைக்கிறவன் ஃபியூஸைப் பிடுங்க மாட்டான். சிவப்பை அழுத்துவான், வேலையைப் பார்ப்பான். நின்றது நின்றதுதான் என்று நம்புவான். ஃபியூஸ் பெட்டி மழையில் நனைந்து துருப்பிடித்துக் கிடக்கும். அதைத் தொடுவதற்குப் பயம், பட்டனைத் தொடுவதற்குப் பயம் இல்லை. என் அப்பா அப்படித்தான். சுற்றி இருக்கிற எல்லோரும் அப்படித்தான். பழைய புரோகிராம் இந்த வழக்கத்தை அறியாது. சிவப்பை அழுத்தினால் மோட்டார் நிற்கும், சரி. அதற்குப் பிறகு ஊரில் கரண்ட் போய்விட்டால் சிப்புக்கு ஞாபகமும் போய்விடும். கரண்ட் திரும்பி வந்ததும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானாக மோட்டாரை ஓட்டும். த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆள் இல்லாத நேரத்திலும் தண்ணீர் பாய வேண்டும் என்றுதான் நீங்கள் அப்படி எழுதியிருந்தீர்கள். எல்லா ஊருக்கும் பொதுவான அந்த ஒரே ஃபைலில் என் கூட்டாளி இதை மாற்றினான். கையால் நிறுத்தினார்கள் என்பதை, கரண்ட் போனாலும் அழியாத இடத்தில் குறித்து வைத்தான். கையால் நிறுத்தின மோட்டாரைக் கையால்தான் ஓட்ட முடியும்.

அடுத்த கோடையில் கல்லுப்பட்டி டீலர் வந்தார். நல்ல மனிதர், வாய் நிறையப் பேசுவார்.

"அண்ணே, உங்க புதுப் பெட்டி சரியான சோம்பேறியா இருக்குண்ணே. வெள்ளாமை பாக்குற சம்சாரி செவப்பை அமுக்கிட்டு, மறந்து போயி வீட்டுல படுத்துர்றான். கரண்ட் வருது, மோட்டார் ஓடலை. விடிஞ்சு வந்து என்னையப் பிடிச்சு வையிறான். பழைய பெட்டின்னா வந்த கரண்டை விடுமா?"

நீங்கள் என் கூட்டாளியைக் கூப்பிட்டீர்கள். "இதையும் ஊர்ப் பட்டியல்ல ஒரு எண்ணாப் போட்டுரு. ஒண்ணுன்னா தானா ஓடட்டும், சைபர்னா வேணாம். நீதான எல்லாத்தையும் டேட்டாவுல வைக்கணும்னு குதிச்ச?"

"சார், ஊருக்கு ஊர் மாறலாம்னு இருக்கிறதுதான் டேட்டா. செவப்பை அமுக்குனா நிக்கணும்கிறது எந்த ஊர்லயும் மாறக் கூடாது. அது புரோகிராமுக்குள்ள இருக்கு. அங்கயே இருக்கட்டும் சார்."

"எனக்கே பாடம் எடுக்குற?"

"இல்ல சார். ஒருத்தன் கை உள்ள இருக்கும்போது ஓடிருச்சுன்னா?"

"ஓடாது. எத்தனை வருசமா ஓட்டுறேன், ஓடலை."

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவன் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தான். அன்று நீங்கள் வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். சட்டைப் பையில் இருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினீர்கள். அவன் அழித்த பழைய ஃபைல்கள் அத்தனையும் அதில் இருந்தன. கல்லுப்பட்டி ஃபைலைத் திறந்து நாலு எண்ணை மாற்றி, கம்பைல் செய்து, நீங்களே சிப்பில் ஏற்றினீர்கள்.

"சார், இது பழசு" என்றேன்.

"பழசுதான். நான் எழுதுனது. போர்டை மாட்டு."

மாட்ட மாட்டேன் என்று சொன்னேன். "கூட்டாளிக்குத் தக்க கூட்டாளி" என்று சொல்லிவிட்டு நீங்களே திருப்புளியை எடுத்து மாட்டினீர்கள். சாயங்காலம் வேனில் பெட்டிகள் போய்விட்டன. நான் அவனுக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம். நடந்ததைச் சொன்னேன். மறுநாளே கல்யாண வீட்டில் இருந்து நேராக உங்கள் அறைக்கு வந்தான், பட்டு வேட்டியோடு.

"அனுப்புன பெட்டியத் திருப்பி வாங்குங்க சார். வேற சிப்பு மாட்டித் தாரேன்."

"கல்யாணத்துல சாப்பாடு எப்படி?" என்று கேட்டீர்கள் நீங்கள்.

அந்த விவசாயிக்குக் கல்லுப்பட்டியைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். கரிசல் காடு, மக்காச்சோளம் போட்டிருந்தார். அவரிடம் இருந்தது பெல்ட் போட்டு ஓடுகிற பழைய மோட்டார். பெல்ட் நழுவியது. சிவப்பை அழுத்தினார், மோட்டார் நின்றது. சாமான் எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஊரில் கரண்ட்டும் போய்விட்டது. பம்ப்செட் அறையில் குனிந்து உட்கார்ந்து பெல்ட்டைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. அவர் தலைக்கு மேலே சுவரில் இருந்த பெட்டி, நீங்கள் எழுதினபடி, கொஞ்ச நேரம் காத்திருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? சிவப்பை அழுத்தியிருக்கிறாரே. பெட்டி மோட்டாரை ஓட்டிவிட்டது.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிச்சம்.

பெட்டி நம் ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. டீலர்தான் கொண்டு வந்து வைத்தார். நின்று பேசாமல் உடனே போய்விட்டார். அது வந்த அன்று என் மேஜையைச் சுற்றி நாம் மூன்று பேரும் நின்றோம். நான் வயரைச் செருகி ஆன் செய்தேன். திரையில் கம்பெனி பெயர் வந்தது. கீழே ஒன்றுமே வரவில்லை. எண் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. என் கூட்டாளி அந்தக் காலி இடத்தைப் பார்த்தான், பிறகு உங்களைப் பார்த்தான். நீங்கள் கையை நீட்டி வயரைப் பிடுங்கினீர்கள்.

"திரை ரிப்பேர்" என்றீர்கள்.

திரை ரிப்பேர் இல்லை. உங்களுக்கும் தெரியும்.

அந்த வாரமே அவனைப் போகச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் செலவை ஏற்றுக்கொண்டவர் தப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. டீலர்கள் கூட்டத்தில் நீங்கள் சொன்ன காரணத்தை அங்கே இருந்த ஒருவர் எனக்குச் சொன்னார். "ஃபைலைக் கண்டபடி பிரிச்சுப் போட்டுட்டான். எது எதோட சேரும்னு தெரியாமப் போயி, தப்பானது சிப்புல ஏறிருச்சு." எதைச் செய்து அவன் அந்தக் கையைக் காப்பாற்றப் பார்த்தானோ அதையே கையை எடுத்த குற்றமாக மாற்றிவிட்டீர்கள். இதைவிட நன்றாகப் பொய் சொல்ல யாராலும் முடியாது. புரோகிராம் தெரியாதவனுக்கு அது நியாயமாகவும் தெரியும். ஒன்றாக இருந்ததைப் பிரித்தால் குழப்பம்தானே வரும்?

நானும் வேலையை விட்டேன். ஒவ்வொரு டீலரிடமும் போய்ச் சொன்னேன். "நீ அவன் சேக்காளி, வேற எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

விவசாயியைப் பார்க்கப் போக வேண்டும் என்றான் அவன். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனோம். அவர் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. யாரு, பேங்குல இருந்தா?"

"இல்லய்யா. அந்தப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதுறவன் நான்தான்."

நான் இல்லை, அவர்தான் செய்தார் என்று முதல் வார்த்தையாகச் சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தேன். அவன் இப்படி ஆரம்பித்தான். பெரியவர் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டார். அவர் வீட்டம்மா சொம்பில் தண்ணீரோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"எந்தக் கையால எழுதுன?"

"ரெண்டு கையாலயுந்தான்க்கா."

"ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

சொம்பைக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பழைய ஃபைல், புது ஃபைல், பென் டிரைவ் என்று மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மொதலாளி வந்துட்டுப் போனாரு தம்பி. அம்புட்டுப் பெரிய மனுசன், இதே கட்டில்ல உக்காந்து, என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. அவரா பொய் சொல்லுவாரு?"

அழுதீர்களாமே. அதை நான் நம்புகிறேன். உங்களுக்கு உறுத்தாமல் இருந்திருக்காது. அந்த மனிதர் கையைப் பிடித்து அழுத அதே வாயால் இன்னொருத்தன் பெயரைச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவனைத் திட்டினேன். "நான் செய்யலைன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவ?"

"ஒரு ஃபைலுக்குள்ள எண்ணும் வேலையும் சேந்து கெடந்துச்சு, அதைப் பிரிச்சேன், பிரிக்காதது ஏறிருச்சுன்னு அந்தம்மாகிட்ட எப்படிடா சொல்றது? நம்ம மொதலாளிக்கே சொல்லிப் புரிய வைக்க முடியலை." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னான்: "அந்தம்மா கேட்டது சரிதான் மாப்ள."

அதன் பிறகு அவன் புரோகிராம் எழுதவில்லை. எழுத முடியவும் இல்லை. இந்த ஊரில் ஸ்டார்ட்டர் செய்கிறவர்கள், தராசு செய்கிறவர்கள், இன்வெர்ட்டர் செய்கிறவர்கள் எல்லாம் ஒருவருக்கு ஒருவர் தெரிந்தவர்கள். போன இடத்தில் எல்லாம் நல்லபடியாகப் பேசுவார்கள். கடைசியில், "அந்தக் கை போன கேசுல..." என்று இழுப்பார்கள். இவன் ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவான். இப்போது ஒரு சொந்தக்காரரின் சேலைக் கடையில் நிற்கிறான். சேலையை உதறி விரித்துக் காட்டுகிறான், மடித்து வைக்கிறான். வாடிக்கையாளர்களிடம் நன்றாகத்தான் பேசுகிறான். நான் இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். வாரத்தில் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போவேன். அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டோம்.

இத்தனை வருடம் நானும் வாயை அடக்கிக்கொண்டு இருந்ததற்குக் காரணம், அவன் கேட்டுக்கொண்டதுதான். "விட்ரு மாப்ள, பேசப் பேச என் பேருதான் திரும்பத் திரும்ப அடிபடும்" என்பான். போன மாதம் வரைக்கும் விட்டிருந்தேன்.

போன மாதம் நான் அவன் வீட்டில் இருந்தபோது நாங்கள் வேலையை விட்டபோது சின்னப் பிள்ளையாக இருந்த அவன் மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் முதல் வருடம். சி மொழியில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்களாம். மார்க்கைப் போட்டால் கிரேடு சொல்கிற புரோகிராம். எழுதி முடித்துவிட்டாள், ஓடுகிறது. எந்த மார்க்குக்கு எந்த கிரேடு என்கிற எண்கள் எல்லாம் வரிக்கு வரி நிபந்தனைகளுக்குள் சிதறிக் கிடந்தன.

"அப்பா, பாடத்துக்குப் பாடம் கட் ஆஃப் மாறும்னு சார் சொல்றாரு. ஒவ்வொரு பாடத்துக்கும் இதையே காப்பி எடுத்து மாத்திக்கவா? இல்ல, நம்பரை மட்டும் தனி ஃபைல்ல வச்சுக்கவா? தனியா வச்சா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது."

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கே தோன்றியிருக்கிறது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பல வருடத்துக்குப் பிறகு அந்த மனிதனின் வாயில் இருந்து அந்தப் பேச்சு வரப்போகிறது என்று நினைத்தேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் கீபோர்டின் மேலே வரை போனது. பிறகு மடியில் வைத்துக்கொண்டான்.

"காப்பி எடுத்துக்கம்மா. எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கட்டும். பிரிச்சு வைக்காத. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, பிரிச்சவதான் காரணம்பாங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிப்பா" என்று எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் அவன் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவன் எழுந்து போய் டி.வி.யைப் போட்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனை வரைக்கும் வந்தேன். ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போனபோது அவன் அழவில்லை. அந்தம்மா கேட்டபோதும் அழவில்லை. அதையெல்லாம் நானும் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை. தனக்குச் சரி என்று தெரிந்த ஒன்றை, தன் பிள்ளையிடம் தப்பு என்று சொல்கிற இடத்துக்கு ஒரு மனிதனைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பெண் இனிமேல் அப்படித்தான் எழுதுவாள். அப்பா சொன்னார் என்று எழுதுவாள். அவன் கேட்டுக்கொண்ட வார்த்தையை நான் மீறுவது இதனால்தான். அவனிடம் சொல்லிவிட்டேன், எழுதப்போகிறேன் என்று. அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உங்களிடம் நான் காசு கேட்கவில்லை. அவனுக்குத் திரும்ப வேலை கேட்கவில்லை, கொடுத்தாலும் வர மாட்டான். எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் பேச வேண்டாம், எடுக்க மாட்டேன். அவன் வீட்டுக்குப் பழக்கூடையோடு போகவும் வேண்டாம்.

டீலர்கள் கூட்டம் இந்த வருடமும் வருகிறது. நீங்கள்தான் பேசுவீர்கள். அந்த விவசாயியையும் அவர் வீட்டம்மாவையும் நானே அழைத்து வந்து முன் வரிசையில் உட்கார வைக்கிறேன். என் கூட்டாளி வருவானா தெரியாது. அவன் மகளை நிச்சயமாக அழைத்து வருவேன். அவர்கள் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

கல்லுப்பட்டிக்குப் போன சிப்பில் அந்தப் பழைய புரோகிராமை ஏற்றியது யார்?

சொல்லுங்கள், முதலாளி.